மூளை அளக்கப் போனவன்

நெடுங்கேணிச் சந்திக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துகிற பிரசாந்தனின் கைத்தொலைபேசியில் ஒருவருடைய பெயரும் கிடையாது. பதிந்துவைக்கத் தெரியாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். தேவையில்லை என்பது அவன் கட்சி. ஊரில் யாருடைய இலக்கத்தைக் கேட்டாலும் முகட்டைப் பார்த்துக்கொண்டு ஒப்புவிப்பான். யாருடைய மெசினுக்கு எந்தப் போகத்தில் என்ன சாமான் மாற்றியது என்பதையும் அப்படியே சொல்லுவான். வாடிக்கைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அவனுக்கு அது பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் மெசின் பழுதானால் ஒழிய அந்தத் தொலைபேசி அடிப்பதில்லை. தாய் காலமான பிறகு வீட்டில் அவன் தனி. கனடாவில் இருக்கிற தமக்கை பொங்கலுக்கும் தாயின் திவசத்துக்கும் அழைப்பெடுப்பாள். ஒருமுறை கலியாணம் பேசப் போன இடத்தில், பெண்ணின் தகப்பன் கொஞ்சம் கூட்டிச் சொன்ன வயல் கணக்கை, பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பிழையென்று திருத்திவிட்டு வந்தான். அதற்குப் பிறகு தரகர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆகவே அவனுக்கு மனித வாடை என்று இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரந்தான். மயில்வாகனத்தாரின் ட்ரக்டர் கொட்டிலில் பாயை விரித்து நாலு பேர் கடுதாசி விளையாடுவார்கள். விளையாட்டின் பெயர் முந்நூற்று நாலு. இரண்டு பேர் ஒரு சோடி. சோடிக்காரன் எதிரே இருப்பான். கையில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு வாயால் சொல்லக்கூடாது. அவன் இறக்குகிற சீட்டைப் பார்த்து நீ பிடித்துக்கொள்ளவேண்டும். மயில்வாகனத்தாருக்குச் சோடி, முல்லைத்தீவுக் கரையிலிருந்து இங்கே பெண் எடுத்து வந்த றொனால்ட். பிரசாந்தனுக்குச் சோடி கோகுலன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அடுத்தடுத்த தறப்பாள் கூடாரம். அப்படிப்பட்ட கோகுலன்.

கொட்டிலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கை முடிந்ததும் பிழை விட்டவனை மற்ற மூன்று பேரும் சேர்ந்து நக்கலடிக்கவேண்டும். பிழை விட்டவனும் கூடவே சிரிக்கவேண்டும். விளையாட்டின் பாதி ருசி அதில்தான். பிரசாந்தனுக்கு நக்கல் வராது, தீர்ப்புத்தான் வரும். "மூண்டாவது சுத்தில நீ ஸ்கோப்பன் சீட்டு இறக்கியிருக்க வேணும். போன கிழமையும் இதே பிழை. அதுக்கு முதல் கிழமையும்." சொல்வது சரியாக இருக்கும், அதுதான் கரைச்சல். சரியாக இருப்பவனைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

முன்பெல்லாம் இவ்வளவு மோசமில்லை. தாய் இருந்தபோது, "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடா" என்று அதட்ட ஒரு ஆள் இருந்தது. அவள் போன இடத்தில் தொலைக்காட்சி வந்து குந்திக்கொண்டது. தமிழில் குரல் கொடுத்த அந்நிய நாட்டுக் கொலைத் தொடர் ஒன்று கிழமையில் ஐந்து நாளும் போகும். அதில் பொலிசோடு சேர்ந்து துப்புத் துலக்குகிறவன் ஒரு மேதை. யாருக்கும் கைகொடுக்கமாட்டான். செத்தவனுடைய சப்பாத்து மண்ணை மோந்து பார்த்துவிட்டுக் கொலைகாரன் இடதுகைக்காரன், சின்னவயதில் தாயை இழந்தவன் என்பான். அவனுடைய ஐ.கியூ. இருநூறு. புதிதாக யாராவது அலுவலகத்துக்கு வந்தால் பொலிஸ் குழுவின் தலைவி அவன் தோளில் கைவைத்து, "இவர் அறிவு இருநூறு" என்று சொல்லுவாள், ஏதோ மாட்டுக்குக் குறி சுட்டு வைத்ததுபோல. அவன் கூட வேலை செய்கிறவர்களை மடையன், மண்டு என்று வாய்க்கு வந்தபடி பேசுவான். அடுத்த காட்சியில் அவர்களே அவனுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு அடுத்த காட்சிக்கு ஆள் வேண்டும். அதனால் அங்கே ஒருவரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. பிரசாந்தன் இதை யோசிக்கவில்லை. அவன் வேறொன்றைக் கண்டான். அந்த மேதைக்கும் வீட்டில் ஒருவரும் இல்லை. தனியே சாப்பிட்டான், தனியே படுத்தான். கெட்டிக்காரர் என்றால் அப்படித்தான் என்று தொடர் சொல்லிற்று. பிரசாந்தனுக்கு அது புண்ணில் எண்ணெய் பூசிய சுகம். ஓ, அதுதான் நான் தனிய இருக்கிறன் என்று நினைத்துக்கொண்டான். வெறும் வீட்டில் சோற்றுக் கோப்பையோடு இருக்கிறவனுக்கு அப்படி ஒரு காரணம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் அது வெடித்தது. கோகுலன் துரும்புச் சீட்டை முந்திக்கொண்டு இறக்கி, வெல்லவேண்டிய கையைக் கொடுத்துவிட்டான். றொனால்ட் கைதட்டிச் சிரித்தான். கோகுலனும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிரசாந்தன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேதை பேசிய தோரணையில், சீட்டைப் பாயில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னான்:

"உன்ர பெடியன் புலமைப்பரிசில் சோதினையில ஏன் கோட்டை விட்டவன் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது."

கோகுலனின் மகனுக்கு ஐந்தாம் ஆண்டுச் சோதினையில் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. முடிவு வந்த அன்று பிள்ளை சாப்பிடாமல் கிடந்ததும், கோகுலன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்ததும் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பிரசாந்தனுக்கும் தெரியும். அவன்தான் ஒன்றும் மறக்காதவன் ஆயிற்றே.

கோகுலன் கையிலிருந்த சீட்டுகளை முகம் மேலே தெரியப் பாயில் வைத்தான். கத்தவில்லை. "இனி நான் உன்னோட சோடி இருக்கமாட்டன்," என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மயில்வாகனத்தார் மட்டும், "தம்பி, அது தேவையில்லாத கதை," என்றார்.

"உண்மையத்தானே அண்ணை சொன்னனான்?"

"உண்மைதான். இனி உண்மையோட இருந்து விளையாடு."

அடுத்த ஞாயிறு அவன் போனபோது அவனுடைய இடத்தில் நிருஷன் இருந்தான். பால் சேகரிக்கிற வேலைக்காரன், துரும்பு எது என்று நடுவில் கேட்கிற அளவுக்கு மண்டு. கோகுலன் அவனோடு சோடி. தோற்றுக்கொண்டிருந்தார்கள்; விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரசாந்தன் படலையடியில் நின்றுவிட்டுத் திரும்பினான். வீட்டுக்குள் போனதும் தொலைக்காட்சியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்தான்.

நுணல் தன் வாயால் கெட்டது. கெட்ட பிறகாவது வாய் மூடியதா என்றால், அதற்குப் புதிதாக ஒரு வழி தோன்றியது. தொடரில் ஒரு நாள், மேதை பேசியது பொறுக்காமல் ஒரு பெரிய அதிகாரி வேலையை விட்டுப் போகப் புறப்பட்டார். தலைவி அவரை மறித்து இருநூறு என்று சொன்னாள். அதிகாரி வாயடைத்துப்போய்த் திரும்பிவந்து மேதையிடம் மன்னிப்புக் கேட்டார். பிரசாந்தன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து நின்றுவிட்டான். தன்னிடம் இல்லாதது அதுதானே! அவனை ஒருவரும் அளந்ததேயில்லை. புலமைப்பரிசில் எழுதவேண்டிய வருடத்தில் பள்ளிக்கூடமும் இல்லை, ஊரும் இல்லை. அதற்குப் பிறகு எழுதிய சோதினையெல்லாம் அரைகுறை. ஒரு இலக்கம் இருந்தால் கோகுலனுக்கு முன்னால் வைக்கலாம். நான் திமிரில் கதைக்கிறேனில்லை, என் மூளை அப்படி என்று சொல்லலாம். கோகுலன் திரும்பி வந்துவிடுவான். இதை அவன் மனதார நம்பினான்.

றொனால்ட்டிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டான்: "வவுனியாவுக்குப் போறன், ஐ.கியூ. பாக்க." றொனால்ட் யாரிடமும் சொல்லாமல் இருப்பான் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குக் கரையோர ஆட்களைத் தெரியாது.

வவுனியாவில் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாத காரணம் பார்க்கிற தனியார் நிலையம் ஒன்றை விசாரித்துப் பிடித்தான். வெள்ளைச் சுவரும் கண்ணாடி மேசையும், மண்டையில் ஒட்டுகிற வயர்களும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனான். இருந்தது ஒரு மின்விசிறி, இரண்டு பிளாஸ்டிக் கதிரை, அருந்ததி என்கிற நடுத்தர வயதுப் பெண். அவளுடைய மேசையில் விளிம்பு தேய்ந்த ஒரு பெட்டி.

"ஆருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான், மிஸ்."

"தலையில அடிகிடி பட்டதோ? விபத்து ஏதும்?"

"இல்லை. எவ்வளவு எண்டு தெரியவேணும்."

அருந்ததி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தாள். "தம்பி, இது பள்ளிக்கூடத்தில கஷ்டப்படுற பிள்ளையளுக்கு எப்பிடி உதவலாமெண்டு பாக்கிற வேலை. வளந்த ஆள், தொழில் செய்யிறியள். தெரிஞ்சு என்ன செய்யப்போறியள்?"

சோடிக்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வருவதாகச் சொன்ன குடும்பம் ஒன்று அன்று வரவில்லை. அவளுக்கும் இரக்கமோ அலுப்போ, "சரி, இருங்கோ," என்றாள். முதலில் சில வழக்கமான கேள்விகள். வீட்டில் யார் யார் என்று கேட்டாள்.

"நான் தனிய. மூளை உள்ளவன் தனியத்தானே, மிஸ்."

"அப்பிடி ஆர் சொன்னது?" என்று கேட்டாள். அவன் தொடரின் பெயரைச் சொன்னான். அவளும் பார்ப்பவள்தான். "அதில அந்தாளுக்கு ஒரு நிமிஷத்தில இலக்கம் சொல்லிப்போடுவினம். இங்க உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு பிந்தும்," என்றாள்.

பெட்டிக்குள்ளிருந்து சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள் வந்தன. படத்தில் இருப்பதுபோல் அடுக்கவேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தொடங்கினான், போகப்போக வியர்த்தது. ஒரு கட்டை எப்போதும் எதிர்ப்பக்கம் பார்த்தது. பிறகு இலக்கங்கள். அவள் சொல்லச் சொல்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்புவித்தான். அங்கே அவன் ராசா. அவள் புருவம் உயர்ந்ததை ஓரக்கண்ணால் கண்டு நெஞ்சை நிமிர்த்தினான். பிறகு சொற்களுக்குப் பொருள், இரண்டு பொருளுக்கு ஒற்றுமை. பிறகு நடப்புக் கேள்விகள்.

"தெருவில ஒரு பொதி கிடக்குது. கட்டி ஒட்டியிருக்கு, ஒருத்தரும் பக்கத்தில இல்லை. என்ன செய்வியள்?"

"கிட்டப் போகமாட்டன்," என்றான் உடனே. "வந்த வழியால காலடி பாத்துப் பின்னுக்கு வந்து, தூரத்தில ஒரு கொப்பு முறிச்சுப் போட்டு அடையாளம் வைப்பன். மற்றாக்களை வர விடமாட்டன். பிறகு கண்ணிவெடி எடுக்கிறாக்களுக்குச் சொல்லுவன்."

அருந்ததி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கைநூலில உள்ள பதில் என்ன தெரியுமே? எடுத்து, விலாசம் பாத்து, உரியவரிட்டச் சேர்ப்பிக்கிறது. எடுக்காட்டிப் பூச்சியம்."

"எடுத்தா கை போயிடுமே?"

"அதை எழுதின ஆள் எங்கட ரோட்டில நடக்கேல்லை. இந்தப் பக்கத்துப் பெரியாக்கள் எல்லாரும் உங்களை மாதிரித்தான் சொல்லுகினம். நான் முழுப்புள்ளி போடுறனான்."

அவனும் சிரித்தான். அவள் எழுதிய புள்ளியை எட்டிப் பார்த்தபோது மனதுக்குள் ஏதோ உறுத்தியது. இந்த இலக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை; ஒரு பேனா போடுகிறது, எது சரியான விடை என்பதையும் எங்கேயோ ஒருவன் எழுதிவைத்தான். தொடரில் இதை யாரும் சொன்னதில்லை.

கடைசியாகச் சில படங்கள். ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கணவன் வாசலில் பையோடு நிற்கிறான். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று அருந்ததி கேட்டாள். "அவன் பிந்தி வந்திட்டான். பிழை அவனில," என்றான். "நான் ஆரின்ர பிழை எண்டு கேக்கேல்லை, தம்பி. அவா என்ன நினைக்கிறா?" அவன் நெடுநேரம் படத்தைப் பார்த்தான். கடைசியில் அதைக் கவிழ்த்து அவள் பக்கம் தள்ளினான்.

வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். திரும்பி வந்தபோது கூட்டிக் கழித்து முடித்திருந்தாள். இலக்கம் கேட்டான். அவள் இலக்கத்தைச் சொல்லாமல் கையை விரித்துக் காட்டினாள்: "இந்தக் கரையில கொஞ்சப் பேர், அந்தக் கரையில கொஞ்சப் பேர். நடுவில பெரிய கூட்டம். நீங்கள் அந்தக் கூட்டத்துக்குள்ள நிக்கிறியள். இலக்கம் ஞாபகம் வைக்கிறதில மட்டும் நல்ல கெட்டி. அது ஒரு வரம். மற்றதெல்லாம் எல்லாரையும் போல."

"எல்லாரையும் போலயோ?"

"ஓம். ஏன், அது குறைச்சலே?" ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். மனிதனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன என்று நினைத்திருப்பாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புளியங்குளத்தில் திரும்பும்வரை அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. சாதாரணம் என்பது நோகவில்லை. நோகும் என்றுதான் பயந்தான், அது அவ்வளவாக நோகவில்லை. நொந்தது வேறு. மேதை என்றபடியால் தனியாக இருக்கிறேன் என்று இத்தனை காலமும் இருந்துவிட்டான். இப்போது மேதையும் இல்லை, தனிமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணம் இனி அவனே தேடவேண்டும். தேடப் பெரிய மூளை தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்தவீடே, தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். அழுகை வந்தது. காற்றுக்குக் கண் கலங்குவதுபோல் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டிலுக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம், வீட்டில் இருக்க முடியவில்லை. அவனைக் கண்டதும் றொனால்ட் சீட்டைக் கவிழ்த்துவைத்தான்.

"அண்ணை! அளந்தாச்சோ? எவ்வளவு?"

எல்லாரும் நிமிர்ந்தார்கள். நிருஷன் வாயைத் திறந்தபடி பார்த்தான். எல்லாருமே அந்தத் தொடர் பார்ப்பவர்கள். நூற்றெண்பது என்று சொன்னால் நம்புவார்கள். ஊர் முழுக்கக் கொண்டுபோவார்கள். இலக்கம் நாக்கு நுனியில் நின்றது. கோகுலன் மட்டும் தன் சீட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"உங்களைப் போலதான்," என்றான் பிரசாந்தன். "சாதாரணம் எண்டு சொல்லிச்சினம்."

நிருஷன் முதலில் சிரித்தான், பிறகு றொனால்ட். "அப்ப வாங்கோ, எங்கட கூட்டத்துக்கு வாங்கோ," என்று பாயைத் தட்டினான். மயில்வாகனத்தாரும் புன்னகைத்தார். கொட்டிலில் பழைய சத்தம் வந்தது. ஒரு கணம் பிரசாந்தனுக்கு உடம்பு இலேசாயிற்று. சாதாரணமானவனுக்கு இவ்வளவு சுகமா என்று நினைத்தான்.

கோகுலன் சிரிக்கவில்லை. தலையை உயர்த்தாமல் கேட்டான்: "அப்ப என்ர பெடியனைச் சொன்னது?"

சிரிப்பு நின்றது. இருநூறாக இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். பிரசாந்தன் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு நோகட்டும் எண்டுதான் சொன்னனான்," என்றான். "வேறொண்டும் இல்லை, மச்சான். நீ தோத்துப்போட்டும் சிரிச்சாய். எனக்கு அது பொறுக்கேல்லை."

கோகுலன் சீட்டுகளைச் சேர்த்தான். கலைத்தான். மறுபடியும் கலைத்தான். "எனக்கு நோகத்தான் செய்தது. நான் தாங்குவன்," என்றான். "றொனால்ட்டின்ர வாயால அது பெடியன்ர காதுக்கும் போயிட்டுது. மாமா என்னை மண்டு எண்டவரோ எண்டு கேட்டான். நான் என்ன சொல்லுறது?"

றொனால்ட் குனிந்துகொண்டான். கோகுலன் நாலு பேருக்கும் சீட்டுப் போடத் தொடங்கினான், நிருஷனுக்கும் போட்டான். பிரசாந்தனுக்கு இடம் இல்லை.

"பெடியன் வீட்டதான் நிக்கிறான்," என்றான் கோகுலன், சீட்டைப் பார்த்தபடி.

கோகுலன் வீடு ஒழுங்கைத் திருப்பத்தில். பிரசாந்தன் படலையைத் திறந்தபோது பெடியன் முற்றத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டதும் எழுந்து, எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அப்பா இல்லை, மாமா. விளையாடப் போயிட்டார்."

"தெரியும்," என்றான் பிரசாந்தன். "நான் உன்னட்டத்தான் வந்தனான்."